காப்பிக்கு முந்தைய அரைமணி நேரம்

அன்புள்ள அக்கா,

ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம், இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வயது 33, பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாக ஓயாத அசதி. முடி கொத்துக்கொத்தாக வருகிறது. ஏப்ரலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வகுப்பெடுக்கிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போன மாதம் சேலத்தில் தைராய்டு டெஸ்ட் எடுத்தோம். டி.எஸ்.எச். (தைராய்டு சோர்ந்தால் ஏறுகிற எண்) 11.8, ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதம்) 600-க்கு மேல். ஹாஷிமோட்டோ என்றார் டாக்டர். 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை, அதாவது தைராய்டு ஹார்மோன், வாழ்நாள் முழுக்க என்றார். அந்த ‘வாழ்நாள்’ என்ற சொல்லைக் கேட்டதும் உடைந்துவிட்டேன்.

தைராய்டுக்கு ஆகாது என்று மாமியார் குச்சிக்கிழங்கையும் (மரவள்ளி) முட்டைகோஸையும் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. கணவரின் சித்தப்பா, ‘இங்கிலீஷ் மருந்தை ஆரம்பித்தால் அதற்கு அடிமைதான். ஒரு மண்டலம் பொடி சாப்பிட்டால் வேரோடு போய்விடும்’ என்று ஒரு வைத்தியரைச் சொல்கிறார். மாத்திரையை நிறுத்தினால்தான் பொடி பிடிக்குமாம். இரண்டாவது குழந்தைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கும் தைராய்டு உண்டு என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இயற்கையாகச் சரிசெய்ய வழியே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு யோசிக்கும்போது கட்டாயம் நிறுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. 14 வருடமாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான். உங்கள் சித்தப்பா மாதிரி ஒருவர் எனக்கும் இருந்தார். அவர் சொன்ன ஆளிடம் போனேன். பொடி கொடுத்தார். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. மாத்திரை டப்பாவை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். முதல் பத்து நாள் பிரமாதமாக இருந்தது. உடம்பு லேசான மாதிரிகூடத் தோன்றியது. பொடியின் மகிமை என்று தெருவெல்லாம் சொன்னேன்.

அது பொடியின் மகிமை இல்லை. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மாத்திரையை நிறுத்திய மறுநாளே யாரும் படுத்துவிட மாட்டார்கள். பழைய இருப்பில் வண்டி ஓடும். அந்த இருப்பு ஓடுகிற நாட்களில்தான் புதிய வைத்தியருக்குப் பேர் கிடைக்கிறது.

இருப்பு தீர்ந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான்காவது மாதம். புதிய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து, ‘எங்கம்மா போகணும்?’ என்றார். எனக்கு இடம் தெரியும், ரயில் நிற்கும், தண்டவாளம் இருக்கும், தம்பியைக் கூப்பிட்டுவரப் போகிறேன். பேர் வரவில்லை. ஜங்ஷன் என்ற ஒரு சொல்லுக்காகக் கையில் பத்து ரூபாயோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதிப் பிழைக்கிறவளுக்குச் சொல் வராமல் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாரம் டி.எஸ்.எச். 74. கொழுப்பும் ஏறியிருந்தது. குரல் தடித்துப்போய், போனில் அம்மா ‘யாருங்க பேசறது?’ என்று கேட்டார்.

அந்தப் பொடியால் குணமானவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. டி.எஸ்.எச். லேசாக மட்டும் ஏறியிருந்தால், ஐந்து ஆறு என்று, சிலருக்குத் தானாகவே இறங்கிவிடும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வீங்கித் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் பழைய நிலை திரும்பிவிடும். அந்த நேரத்தில் யார் பொடி கொடுத்திருந்தாலும் அவர் கைராசிக்காரர்தான். உங்கள் கணக்கு வேறு. 10-ஐத் தாண்டிய டி.எஸ்.எச்., கூடவே எதிர்ப்புரதம். நம் உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன் என்று அடித்துக்கொண்டிருக்கிறான். அடி வாங்கிய சுரப்பியால் முன்போல் சுரக்க முடியவில்லை. இதை முதலில் விவரித்தவர் ஹகரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர். 1912-இல், நான்கு பெண்களின் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். நான்கு பேரும் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். இன்றும் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிற நோய் இது. நம் வீடுகளில் இதற்கு வேறு ஒரு பெயர் இருந்தது, சோம்பேறித்தனம்.

ஆன்டி டி.பி.ஓ. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாதாமாதம் அதை எடுக்கவும் வேண்டாம். நோய் எது என்று சொல்லத்தான் அந்த எண். மாத்திரை அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச்.

அப்புறம், இயற்கை. இந்தச் சொல்லை வைத்துத்தான் உங்களைக் குழப்பியிருக்கிறார்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா தேறி எழுந்து, பிற்பாடு வாய்வழியாகவும் அதையே சாப்பிட்டு, 74 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்குச் செலவாகியிருந்தது. இயற்கை வைத்தியம் என்றால் அதுதான் அசல் இயற்கை வைத்தியம்! அவருக்கு மந்தை மந்தையாக ஆடு தேவைப்பட்டது. உங்களுக்குக் காலையில் ஒரு மாத்திரை போதும். நம் சுரப்பி செய்கிற தைராக்சினும் மாத்திரையில் இருக்கிற தைராக்சினும் ஒரே மூலக்கூறு. உடம்பில் குறைகிறதை உடம்பில் போடுகிறோம். இதில் அடிமை எங்கே வந்தது? சோற்றுக்கு நாம் அடிமை என்று யாரும் சொல்வதில்லையே.

இனி உங்கள் மாமியார். அவரைப் பாதி ஆதரிக்கிறேன். குச்சிக்கிழங்கு விஷயத்தில் அவர் பயம் வெறும் கற்பனை இல்லை. நம் பக்கத்து விவசாயிகள் ஆடு மாட்டைக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் விடமாட்டார்கள். தழையைத் தின்றால் வாயில் நுரை தள்ளிச் சாகும் என்று தெரியும். அந்தச் செடியில் சயனைடைப் பிறப்பிக்கிற பொருள் இருக்கிறது. கிழங்கிலும் உண்டு, தோலில் அதிகம். சாப்பிட்ட சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது தைராய்டுக்குள் அயோடின் போகும் வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவில் கிவு ஏரியின் நடுவே இட்ஜ்வி என்று ஒரு தீவு. அங்கே ஊர் ஊராகக் கழுத்துக் கழலை இருந்ததை ஆராய்ந்தவர்கள் இந்தக் கிழங்கிடம்தான் வந்து நின்றார்கள்.

ஆனால் அங்கே கிழங்குதான் தினச் சாப்பாடு, மண்ணிலும் உணவிலும் அயோடின் குறைவு. நாம் மாதத்துக்கு இரண்டு தடவை, தோலைச் சீவி, துண்டு போட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடுகு தாளித்துத் தேங்காய் போட்டுச் சாப்பிடுகிறோம். அயோடின் உப்பும் போடுகிறோம். அதனால் ஒன்றும் ஆகாது. ஜவ்வரிசி அதைவிடச் சாது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ பேக்டரியில் பார்த்திருப்பீர்கள். கிழங்கை அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவைத் தண்ணீரில் அலசித் தொட்டியில் படியவைத்து, பிறகு வறுத்துக் காயப்போடுகிறார்கள். அத்தனை தண்ணீரோடு விஷமும் போய்விடுகிறது, மிஞ்சுவது வெறும் மாவு. பாயசம் வையுங்கள். முட்டைகோஸும் காலிஃப்ளவரும் வெந்தால் போதும். பச்சையாக அரைத்துத் தினமும் ஒரு டம்ளர் குடிக்கிற புது வழக்கத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

மாமியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு, வீட்டில் என்ன உப்பு? இயற்கை என்று பலர் இந்துப்புக்கு மாறியிருக்கிறார்கள். பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருந்தால் தவிர, அதில் நமக்குப் போதுமான அயோடின் இல்லை. பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. சாதாரண அயோடின் உப்பே போதும். இதற்கு நேர் எதிராக, கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று ஆன்லைனில் வாங்குகிறார்கள். ஹாஷிமோட்டோ இருக்கிறவர்களுக்கு அயோடின் அளவுக்கு மிஞ்சினால் சுரப்பி இன்னும் படுத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றது இதற்கே சொன்ன மாதிரி இருக்கிறது.

அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் யாராவது கொடுப்பார்கள். அது தைராய்டில் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்கிறது என்பதுதான் பிரச்சினை. சிலருக்கு ஹார்மோன் ஏகத்துக்கு ஏறிப் படபடப்பில் கொண்டுபோய் விட்டதை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு யோசிக்கிறபோது வேண்டவே வேண்டாம். உங்களுக்குக் கொடுக்கிற பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று சீட்டில் எழுதித் தராத யாரிடமும் எதையும் வாங்காதீர்கள். செலினியம் எதிர்ப்புரதத்தின் எண்ணைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் உண்டு. எண் குறைந்ததால் ஆள் தெம்பானார், மாத்திரை குறைந்தது என்று மட்டும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. கோதுமையை விடுவது கோதுமை ஒவ்வாத குடல்நோய் இருப்பவர்களுக்கு. மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடலாம்.

இயற்கையாக ஒன்று செய்யத்தான் வேண்டும் என்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள். தைராய்டு ஹார்மோனைக் கட்டுகிற நொதிக்கே இரும்பு வேண்டும். அந்த நொதியின் பெயர்தான் டி.பி.ஓ. நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் முடி கொட்டலில் தைராய்டின் பங்கு எவ்வளவு, இரும்பின் பங்கு எவ்வளவு என்பது உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தால் தெரியும். பி12, வைட்டமின் டி இரண்டையும் கூடவே கேளுங்கள். எனக்கு மாத்திரை சரியான பிறகும் விடாத அசதி, இரும்பு ஏறிய பிறகுதான் விட்டது. முருங்கைக்கீரை, சுண்டல், கறி சாப்பிடுகிறவர் என்றால் ஈரல், கூடவே எலுமிச்சை. ஏற்காட்டில் இருந்துகொண்டு நடக்க இடம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள்.

கடைசியாக உங்கள் ஊரின் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன், காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் உங்கள் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அந்தப் புண்ணியவானால் இன்று ஏற்காட்டில் கண் விழித்ததும் டம்ளரைத் தேடுகிறார்கள். தைராக்சினுக்குக் காப்பி ஆகாது. குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். நான் இரண்டு வருடம் மாத்திரையைக் காப்பியோடுதான் விழுங்கினேன். டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ‘எதோடு போடுறீங்க?’ என்று யாரும் கேட்கவில்லை. மெடிக்கலில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண்தான் பேச்சுவாக்கில் கேட்டாள்.

இப்போது என் வழக்கம் இது. மாத்திரை டப்பா தலைமாட்டில் இருக்கும், சொம்பில் தண்ணீரோடு. ஐந்தரைக்கு விழிப்பு வந்தவுடன் ஒன்று. பிறகு வாசல் தெளிப்பது, செடிக்குத் தண்ணீர், பால் வாங்குவது. அரைமணி நேரம் தாராளமாக ஓடிவிடும், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. டிகாஷன் இறங்குகிற வாசனையில் அந்த அரைமணியைத் தாண்டுவதுதான் என் ஒரே தவம். முடியவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு இரவுக்கு மாற்றலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டும் இதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். சமையல்கட்டுச் சூட்டில் டப்பாவை வைக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். எடுங்கள். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்கள் என்றால் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு லேபில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

குழந்தைக்கு முயல்வதற்கு முன்பே இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் டி.எஸ்.எச்.ஐ 2.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு சரி என்பார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராக்சின் கிடையாது, மூளை வளர்வதெல்லாம் அம்மாவுடையதில்தான். அதனால் கர்ப்பத்தில் மாத்திரை அளவு கூடும், சிலருக்குக் கால் பங்குக்கும் மேல். நாள் தள்ளிப்போய் இரண்டு கோடு தெரிந்த அன்றே போன் செய்யுங்கள். முதல் ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சித்தப்பாவிடம் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா