பட்டாளத்தை விட்டு வந்தாச்சு, இனி என்ன படிக்கலாம்? கேள்வி பதில்

தண்டையார்பேட்டைக்காரன் நான். 17 வருஷம் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்து, இப்போது ஒரு வங்கியில் கிளார்க். கேட்டவர்கள் எல்லாருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 10 முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தேன், 17 வருஷ சர்வீஸ். டிகிரிக்குச் சமம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். நேராக எம்.பி.ஏ. சேரலாமா? (வியாசர்பாடி)

சேர முடியாது தம்பி. அந்தத் தாளை நம்பி ஒரு வருஷத்தை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். 10ஆம் வகுப்பும் 15 வருஷ சர்வீஸும் இருந்தால், டிகிரி கேட்கும் மத்திய அரசின் குரூப் சி (கிளார்க் மாதிரியான) வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது 1986 உத்தரவு. தொழில்நுட்பத் தகுதி கேட்கும் வேலைக்கு அதுவும் செல்லாது. ஆக, அது வேலைக்கான சலுகைதான், காலேஜில் அதை டிகிரியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 12 முடியுங்கள், அப்புறம் தொலைநிலையில் பி.ஏ.வோ பி.காமோ. 12ஐத் தாண்டிக் குதித்து ஓபன் யுனிவர்சிட்டி டிகிரி வாங்கினால் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஆகாது, நாளைக்கு வக்கீலுக்குப் படிக்க ஆசை வந்தால் பார் கவுன்சிலும் ஏற்காது.

கேள்வி: 36 வயசாகிவிட்டது சார், நானும் 17 வருஷ சர்வீஸ்தான். வங்கிப் பரீட்சை எழுத விடுவார்களா? (கொருக்குப்பேட்டை)

தாராளமாக. வயதிலிருந்து சர்வீஸ் வருஷத்தையும் கூடவே 3 வருஷத்தையும் கழிப்பார்கள். 36இல் 17 போய், 3 போய், கணக்குக்கு உங்கள் வயது 16! கிளார்க் வேலைக்கு வரம்பு 28. பொதுத்துறை வங்கி கிளார்க் இடங்களில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களான நமக்கு ஒதுக்கீடும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு இந்த ஒதுக்கீடு போய்விடும். சேருவதற்கு முன்பே வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்களோ, அதைத் தேதியோடு எழுதி, சேர்ந்த உடனே ஆபீசில் கொடுத்துவிட்டால் அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் சலுகை நிற்கும். நான் கொடுத்தேன், கையெழுத்து வாங்கிய நகல் இன்னும் டிஸ்சார்ஜ் புக்குக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனிகள் நிறைய இருக்கே, சேஃப்டி கோர்ஸ் படிக்கலாமா? (திருவொற்றியூர்)

இதில் நானே அடிபட்டவன். வெளியே வந்த மூன்றாம் மாதம் பென்ஷன் பணத்தில் 40,000 கட்டி ஒரு தனியார் இடத்தில் இரண்டு மாத டிப்ளமோ படித்தேன். இன்டர்வியூவில் அந்த மனிதர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தையும் பார்த்தார், அப்படியே மேஜைமேல் தள்ளிவிட்டார். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன் நாலு பஸ்ஸை விட்டேன். தரமணியில் மண்டல தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. அங்கே நடக்கும் தொழிற்பாதுகாப்பு மேல்நிலை டிப்ளமோவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் இன்ஜினியரிங் டிகிரியோ டிப்ளமோவோ, இல்லையென்றால் இயற்பியல் அல்லது வேதியியல் டிகிரியோ வேண்டும், வேலை அனுபவமும் கேட்பார்கள். அது கையில் இல்லாதவர் இந்தப் பக்கம் காசைக் கட்டாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: என் தம்பி அக்னிவீர், நாலு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்தில் எடுக்கும் திட்டத்தில் சேர்ந்தவன். 4 வருஷம் முடியப் போகுது, வரும் பணத்தில் அவனை இன்ஜினியரிங் சேர்க்கலாமா அண்ணா? (எண்ணூர்)

வேண்டாம்மா. சுமார் 11.71 லட்சம் வரும், பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடையாது, அதனால் மேலே நான் சொன்ன வயது, ஒதுக்கீடு எதுவும் அவனுக்கு அப்படியே பொருந்தாது. அந்தப் பணத்தை மேனேஜ்மென்ட் சீட்டில் கொட்டினால் இரண்டாம் வருஷமே வீட்டில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அக்னிவீர்களுக்கென்றே டிகிரி வைத்திருக்கிறார்கள், அதில் பாதி கிரெடிட் அவன் உள்ளே எடுத்த பயிற்சிக்கே கிடைக்கும். அதை முடிக்கட்டும், கூடவே போலீஸ், துணை ராணுவப் பரீட்சைகளுக்கு எழுதட்டும். ஓட்டத்தை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒரு வருஷ சர்வீஸ் இருக்கு. வந்த பிறகு யோசித்தால் போதாதா? (ராயபுரம்)

போதாதும்மா. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள, படைவீரர்களுக்கான மறுவாழ்வு இயக்குநரகத்தின் பயிற்சிகளுக்கு யூனிட் வழியாக, யூனிஃபார்மில் இருக்கும்போதே விண்ணப்பிப்பதுதான் சரி. இன்று ராத்திரி போன் பேசும்போது, யூனிட் கிளார்க்கிடம் இந்த வருஷத்துக் கோர்ஸ் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.