கேள்வி நேரம்: எடிட்டருக்கு எந்த நீட்சி?

கேள்வி: விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் எடிட்டரில் பைத்தான் மொழி பழகுகிறேன். ஆளாளுக்குப் பத்து எக்ஸ்டென்ஷன் சொல்கிறார்கள். எதைப் போடுவது?
– கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் மைக்ரோசாஃப்டின் பைத்தான் நீட்சி (எக்ஸ்டென்ஷன், அதாவது எடிட்டரோடு கூடுதலாகச் சேர்க்கும் வசதி). அதோடு எரர் லென்ஸ். பிழை எந்த வரியிலோ அதன் ஓரத்திலேயே செய்தி வந்து நிற்கும், கீழே போய்த் தேட வேண்டாம்.

அப்புறம், என்னைக் காப்பாற்றியது இன்டென்ட் ரெயின்போ. மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்குப் பில் கூட்டும் நிரல் எழுதினேன். எத்தனை சாமான் போட்டாலும் முதல் சாமானின் விலையே மொத்தமாக வந்தது. ராத்திரி 11 மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். பார்த்தால், விடையைத் தந்துவிட்டு வேலையை முடிக்கும் ரிட்டர்ன் வரி நான்கு இடம் உள்ளே தள்ளி, சாமான்களை ஒவ்வொன்றாகக் கூட்டும் லூப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது! முதல் சாமானோடு கூட்டல் நின்றுவிட்டது. இலக்கணப்படி அது பிழையே இல்லை, எரர் லென்ஸும் வாய் திறக்காது. இன்டென்ட் ரெயின்போ ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு நிறம் பூசுவதால் கண்ணிலேயே பட்டுவிடும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பழகிய பிறகு, அந்த மாற்றங்களை எடிட்டரிலேயே காட்டும் கிட்லென்ஸ் போடுங்கள், இப்போது வேண்டாம்.

ஒன்று மட்டும் கட்டாயம்: நிறுவும் முன் வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். எடிட்டருக்கு உள்ள அனுமதி எல்லாம் நீட்சிக்கும் உண்டு, உங்கள் கோப்புகளை அது படிக்க முடியும்.