விற்ற நிலத்துக்கு மடை மாற்றக் கிளம்பும் அப்பா

மறதிநோய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, மூன்று வருஷமாக மறதிநோய். நிலத்தை விற்று ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணியானால், "மடை மாத்தணும், எம் முறை வந்துடுச்சு" என்று மண்வெட்டியைத் தேடுகிறார். "வித்தாச்சுப்பா" என்றால் அழுகிறார், சில நாள் அடிக்க வருகிறார்.
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: முதல் வேலையாக "வித்தாச்சு" என்று சொல்வதை நிறுத்துங்கள். அந்தச் சேதியை அவர் ஒவ்வொரு சாயங்காலமும் புதிதாகத்தான் கேட்கிறார். "எந்த மடைப்பா? வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டு, பேச விடுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நீங்களும் கிளம்புங்கள். தெருமுனை வரை போய், "இருட்டிடுச்சு, காலையில பாத்துக்கலாம்" என்று திரும்பிவிடலாம். பொய் சொல்கிறோமே என்று மனசு உறுத்தும். அடி விழுவதற்கு இது மேல்.

பொழுது சாய்கிற நேரத்தில் நிழலும் உருவமும் குழம்பும், பகல் முழுக்க விழித்த களைப்பும் சேரும், மூளையின் தூக்கக் கணக்கும் பிசகியிருக்கும். எனவே நாலு மணிக்கே முந்திக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் போய்வரச் செய்து, சுண்டலோ பொரியோ கொடுத்து, இருட்டும் முன்பே கூடத்திலும் திண்ணையிலும் விளக்கைப் போட்டுவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் அரை மணி போதும். கையில் கொஞ்சம் வைக்கோலைக் கொடுத்துப் புரி திரிக்கச் சொல்லுங்கள். பேர் மறந்தவருக்கும் கைப்பழக்கம் வெகுநாள் மறப்பதில்லை.

வாசல் கதவின் மேல் நுனியில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். பழகிய இடத்தில் இல்லாததைத் தேட அவருக்குத் தோன்றாது. ஒரு மாட்டு மணியையும் கதவில் கட்டினால் திறக்கும்போது தெரியும். ஆனால் அவரைத் தனியே உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகக் கூடாது. தீப்பிடித்தால் வெளியே வர வழியிருக்காது.

நம் பக்கத்தில் பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12 திறந்தால் ஜனவரி 28 வரை வாய்க்காலில் ஓட்டம் இருக்கும். ஆளைக் காணோம் என்றால் முதலில் படித்துறை, வாய்க்கால் கரை, கிணறு, பழைய வயலுக்குப் போகும் வழி. பஸ் ஸ்டாண்டெல்லாம் அப்புறம். கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் 112-க்குப் போன் செய்யுங்கள், ஒரு நாள் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் வைத்த சீட்டை எடுத்துப் போட்டுவிடுவார். காலரின் உள்பக்கத்திலும் துண்டின் ஓரத்திலும் செல் நம்பரைத் தைத்துவிடுங்கள். டீக்கடைக்காரரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

கேள்வி: மாமியார் தன் சங்கிலியை நான் எடுத்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்கிறார். பத்து வருஷமாக அவருக்குச் செய்வது நான்தான்.
- வாசகி, பாபநாசம்

பதில்: செய்பவர் மேல்தான் இந்தப் பழி வரும், கூடவே இருப்பவர் நீங்கள்தானே. புது நினைவைப் பதிகிற பகுதிதான் இந்த நோயில் பெரும்பாலும் முதலில் கெடுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே ஒளித்து வைக்கிறார். ஒளித்தது மனதில் பதியவில்லை. சங்கிலி இருந்தது மட்டும் ஞாபகம். நடுவில் உள்ள பள்ளத்தை "யாரோ எடுத்துட்டா" என்று மூளை நிரப்பிக்கொள்கிறது. "நான் எடுக்கல" என்று வாதாடாமல், "காணோமா அத்தை? வாங்க, தேடுவோம்" என்று கூடத் தேடுங்கள். அரிசிப் பானை, தலையணை உறை, மடித்த புடவை, சாமி படத்துக்குப் பின்னால் பாருங்கள். குப்பையைக் கொட்டும் முன் ஒரு தரம் கிளறுங்கள். அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே மாதிரி கவரிங் சங்கிலி இரண்டு வாங்கி வைப்பது நல்ல யோசனை. இது நோய் என்று அக்கம்பக்கத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் எடுபடாது.

கேள்வி: ஓரளவு நன்றாக இருந்த தாத்தா இரண்டு நாளாக உளறுகிறார், கூப்பிட்டால் விழிக்கவே நேரமாகிறது. நோய் முற்றிவிட்டதா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மறதிநோய் மாதக் கணக்கில் நகரும். இரண்டு நாளில் இப்படி மாறினால் உடம்பில் வேறு ஏதோ கோளாறு: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, நாலு நாள் மலச்சிக்கல், புது மாத்திரை. சில வாரம் முன்பு விழுந்து தலை இடித்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட. பழைய வகைச் சளி மாத்திரை ஒன்றே முதியவர் அறிவைக் குழப்பப் போதும்.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டால் மறதிநோய் சரியாகுமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: துவையல் அரைத்துச் சாப்பிடலாம், நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டிலும் மறதி வரும், இவை ரத்தப் பரிசோதனையில் தெரியும், சிகிச்சையும் உண்டு. சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் சுத்த சைவக்காரர்களும் பி12-ஐக் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.