சமாரிய எழுத்துக்கு எழுத்துரு செய்வது கடினமா?

‘பழங்கால சமாரிய எழுத்துக்கு கணினி எழுத்துரு செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பழமையானதுதான், ஆனால் வழக்கொழிந்த எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். யூதர்கள் அரமேயத்திலிருந்து வந்த சதுர எழுத்துக்கு மாறிய பிறகும் சமாரியர்கள் தொல் எபிரேய எழுத்தை விடவே இல்லை, அதன் வளர்ச்சிதான் சமாரிய எழுத்து. மேற்குக் கரையில் நாப்லுஸ் நகரத்தின் பக்கம் கெரிசிம் மலையிலும் டெல் அவிவை ஒட்டிய ஹோலோனிலும் வாழும் ஆயிரத்துக்கும் குறைவான அந்த மக்கள் இன்றும் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, இதில்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் பழகிய வடிவம் வர வேண்டும்.

நான் தமிழ் எழுத்துரு வரைபவன். பயிற்சிக்காக இதில் இறங்கி, ஓர் அகரவரிசை அட்டவணையை வைத்து 22 எழுத்துகளையும் வரைந்து முடித்தேன். ஒவ்வொன்றும் தனியாக அழகு, வரியாக அடித்தால் உயிரே இல்லை. பிறகு கையெழுத்துப் படிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பேனா முனை எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று புரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் இதற்கு 2009இல், 5.2 பதிப்பில் இடம் கிடைத்தது, முதல் எழுத்தின் எண் U+0800. அதற்கு முன்பு எபிரேயக் குறியீடுகளின் மேலேயே சமாரிய வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துருக்கள் புழங்கின, நம் பழைய பாமினி எழுத்துரு ஆங்கில விசைகளில் ஏறி உட்கார்ந்த மாதிரி. பழைய கோப்புகளை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எபிரேயத்தில் ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் உண்டு, சமாரியத்தில் கிடையாது, அதனால் இரண்டு வடிவமும் ஒரே சமாரிய எழுத்துக்குத்தான் போக வேண்டும். உயிர்க்குறிகள் எழுத்தின் மேல், இடப்பக்கமாக உட்காரும். குறி வந்து ஒட்ட வேண்டிய இடத்தைச் சொல்லும் நங்கூரப் புள்ளிகளை (anchor) ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாகவே வையுங்கள்.

என்னை மயக்கியது வரி அமைப்பு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு புள்ளி. எழுதுவது வலமிருந்து இடமாக; வரி நிரம்பாவிட்டால் கடைசி ஓரிரு எழுத்துகளை இடது ஓரம்வரை தள்ளி எழுதிவிடுவார்கள், நடுவே வெற்றிடம் கிடக்கும். தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் பக்கங்களில் இன்னும் ஒருபடி மேல்: பத்தியின் நடுவே மேலிருந்து கீழாக ஓர் ஓடை விட்டு, அதில் விழும் எழுத்துகளைக் கோத்துப் படித்தால் எழுதியவர் பெயரும் காலமும் வரும். தஷ்கீல் என்று பெயர். இதை எழுத்துருவால் மட்டும் செய்ய முடியாது, பக்கம் வடிவமைப்பவர்தான் செய்ய வேண்டும். ஆனாலும் ஒன்றின்கீழ் ஒன்று நிற்கும்போது கோணலாகத் தெரியாதபடி எழுத்துகளின் அகலத்தை நெருக்கமாக வைத்தேன்.

சோதித்துப் பார்க்க ஒரு சொல் சொல்கிறேன். தலாத், ரீஷ் என்ற இரண்டு எழுத்துகளும் உருவத்தில் மிக நெருக்கம். உபாகமம் 6:4இல் ‘ஒருவர்’ என்ற சொல் தலாத்தில் முடிகிறது. அது ரீஷாகத் தெரிந்தால் ‘வேறொருவர்’ என்று ஆகிவிடும். அந்தச் சொல்லை 10 புள்ளி (point) அளவில் அச்செடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். என்னுடையது மூன்றாவது முறைதான் தேறியது.