ஓஓபியா, ஃபங்ஷனலா, புரொசீஜரலா: எதில் எழுதுவது?
புரோகிராம் எழுதும் பாணிகளான புரொசீஜரல் (கட்டளைகளை வரிசையாக எழுதுவது), ஓஓபி (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே ஆப்ஜெக்டாகக் கட்டுவது), ஃபங்ஷனல் (தரவை மாற்றாமல், ஃபங்ஷன்கள் வழியாகப் புதிய விடையை உருவாக்குவது) ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், மொழியையும் பாணியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பைத்தானில் மூன்றுமே எழுதலாம். ஓஓபி மொழியான ஜாவாவுக்கே 2014-இல், 8-ஆம் பதிப்பில் லாம்டா (ஃபங்ஷனல் பாணியில் பயன்படும் பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) வந்துவிட்டது.

ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளுக்குப் பெயர் மாற்ற வேண்டுமா? புரொசீஜரலாக, மேலிருந்து கீழாக இருபது வரி போதும். அதற்குப் போய் கிளாஸ் (ஓஓபியில் ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் அச்சு) எழுதுவது வெட்டி வேலை.

வங்கிக் கணக்கு போல நிலை மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்துக்கு ஓஓபி பொருந்தும். இருப்புத் தொகையை ஆப்ஜெக்டுக்குள் பூட்டிவைத்து, பணம் எடுக்கும் மெத்தட் (ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) வழியாக மட்டும் குறைக்கவிட்டால், மைனஸில் போகிறதா என்ற சோதனை ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் இன்ஹெரிட்டன்ஸை (ஒரு கிளாஸ் இன்னொன்றின் குணங்களைப் பெறுவது) நான்கைந்து அடுக்குக்கு இழுத்துவிட்டால், அப்புறம் மேல் கிளாஸில் கை வைக்கவே பயமாக இருக்கும்.

தரவை வடிகட்டி, மாற்றி, கூட்டும் வேலை என்றால் நான் ஃபங்ஷனலைத்தான் எடுப்பேன். 1, 2, 3, 4 என்ற பட்டியலில் ஃபில்டர் போட்டு இரட்டைப்படையை எடுங்கள். மேப் போட்டு வர்க்கமாக்குங்கள். ரெட்யூஸ் போட்டுக் கூட்டுங்கள். 4, 16, மொத்தம் 20. மூலப் பட்டியல் அப்படியே இருக்கும். அதனால் பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் அதைப் படித்தாலும் சிக்கல் இல்லை.

நிஜ புராஜெக்டில் பெரும்பாலும் கலவைதான்: வெளியே கிளாஸ், உள்ளே கணக்கீடெல்லாம் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள்.