என்னை மாதிரி ஒருத்தி

கேள்வி: கதையில் வருகிறவர் என்னை மாதிரி இருந்தால்தான் எனக்குப் பிடிக்கிறது. ‘குட் நைட்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், எங்கள் வீட்டையே பார்ப்பது போல் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கொண்டாடுகிற நாவல்களை எடுத்தால் சில பக்கங்களுக்கு மேல் ஓடவில்லை, யாரோடும் கனெக்ட் ஆக முடியவில்லை. பழைய படங்களும் அப்படித்தான். ‘உதிரிப்பூக்கள்’ பார்க்க உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். ‘தன்னையே தேடிப் படிப்பதெல்லாம் ஒரு வாசிப்பா’ என்கிறார் உடன் வேலை பார்க்கும் நண்பர். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை. நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். புத்தகத்தைத் திறந்ததும் ‘இதில் நான் எங்கே இருக்கிறேன்’ என்று மனசு தேடுவதில் ஒரு குறையும் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு வாசிப்பே அங்கேதான் தொடங்குகிறது. இப்படித் தேடுவதை இளப்பமாகப் பேசுகிறவர்கள் அநேகமாகத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கூடம், அவர்கள் வீட்டுக் காபி, அவர்கள் வீட்டுப் பேச்சு எல்லாம் தமிழ் அச்சில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருந்தன, அதனால் தேடாமலே கிடைத்துவிட்டது.

மற்றவர்கள் கதை வேறு. தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சானது 1879இல், அதன் நாயகன் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. கரிசல் காட்டு ஊரில் செருப்புத் தைத்துப் பிழைக்கும் அழகிரி, பூமணியின் ‘பிறகு’ நாவலின் நடுவில் வந்து உட்கார்ந்தது 1979இல். இடையில் நூறு ஆண்டுகள்! பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. காலனி வீடுகளின் அழுக்குத் துணியை வெளுத்துக் கொடுத்துவிட்டுத் தானியத்துக்கும் சோற்றுக்கும் வாசல் வாசலாக நிற்கும் ஆரோக்கியம், இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வழியாக 1994இல் வந்தாள். இந்தப் புத்தகங்களில் தன் வீட்டுப் பேச்சை முதன்முறையாக அச்சில் பார்த்துக் கண் கலங்கிய ஒருவரிடம் போய் ‘தன்னைத் தேடிப் படிக்காதே’ என்று உங்கள் நண்பர் சொல்வாரா? சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன். அப்படியானால் உங்களிடமும் சொல்லக்கூடாது.

சரி, கேள்வி அனுப்பியது நீங்கள், அதனால் உங்களிடமும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

2023இல் வந்த ‘குட் நைட்’ படத்தின் மோகன் யார்? ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞன், குறட்டையால் அவமானப்படுகிறவன். நீங்கள் அவன் இல்லை. குறட்டை உங்கள் பிரச்சினை என்றும் நீங்கள் எழுதவில்லை. அப்புறம் எப்படி அது உங்கள் வீடாயிற்று? ஒருவனுக்குத் தன் உடம்பு செய்கிற ஒரு காரியத்தின் மேலேயே வெட்கம், மறைக்கப் பார்க்கிறான், முடியவில்லை, கட்டிக்கொண்டு வந்தவள் தன்னால் தூக்கம் கெட்டு வாடுவது தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் தவிக்கிறான். இது குறட்டையாக இல்லாமல் வேறு ஏதோ ஒன்றாக உங்கள் வாழ்க்கையிலும் நடந்திருக்கிறது, அதுதான் சங்கதி. ஆகவே ‘என்னை மாதிரி இருந்தால்தான் பிடிக்கிறது’ என்று நீங்கள் எழுதியதை நான் முழுசாக நம்பவில்லை. உங்களை மாதிரி இல்லாத ஒருவனைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறீர்கள். சன் டிவியில் 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெண்களைப் பெற்று ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுக்கிற சிதம்பரம் மாதிரி எத்தனை அப்பாக்கள் இருந்திருப்பார்கள்? ஒரே பெண் உள்ள வீட்டிலும் அழுதார்கள், பெண்ணே இல்லாத வீட்டிலும் அழுதார்கள்.

ஆளின் வயது, வேலை, ஊர், சம்பளம் இவையெல்லாம் நம்மோடு ஒத்துப்போவதால் ஒரு பாத்திரம் நெருக்கமாகிவிடுவதில்லை. எழுதுகிறவர் அந்த ஆளை எவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழ நாட்டில் நடக்கிறது. குதிரை ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர், இளவரசனின் ஓலையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர் யார்? ஆனாலும் ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் அவன் வந்துசேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை தலைமுறை தலைமுறையாக அவன் நம் வீட்டுப் பையன். ராஜ்யம் இல்லாத இளவரசன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான், பொய் சொல்லித் தப்பிக்கிறான், பசிக்கிறது, அழகான பெண்ணைப் பார்த்தால் தடுமாறுகிறான். ராஜராஜனாகப் போகிற அருள்மொழிவர்மனைப் பார்த்து நமக்கு வருவது மரியாதை. வந்தியத்தேவன் மாட்டிக்கொண்டால் நமக்குக் கை நடுங்குகிறது. ஒரு பெரிய பேரரசின் கதையைச் சொல்ல அவனை நம்மோடு துணைக்கு அனுப்பிய கல்கியின் கெட்டிக்காரத்தனம் அது.

உங்களுக்குப் பிடித்த உலகத்திலிருந்து இன்னும் தூரமான ஓர் உதாரணம் சொல்கிறேன். பூமணியின் ‘வெக்கை’, 1982இல் வந்த நாவல். பதினைந்து வயதுப் பையன், அண்ணனைக் கொன்ற நிலக்காரனின் கையை வெட்டப் போகிறான், ஆளே செத்துப்போகிறான். அதன் பிறகு அவனும் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல். நீங்களும் நானும் யாரையும் வெட்டியதில்லை, போலீசுக்குப் பயந்து பாறை இடுக்கில் படுத்ததில்லை. ஆனால் படிக்கிறபோது என்ன நடக்கிறது தெரியுமா? கொலையை நியாயப்படுத்திப் பூமணி நம்மிடம் ஒரு பிரசங்கமும் செய்வதில்லை. இன்றைக்கு எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், எங்கே படுத்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம், அம்மாவும் தங்கச்சியும் எங்கே எப்படி இருக்கிறார்களோ என்று அப்பனும் மகனும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே போகிறோம். மகன் செய்த காரியத்துக்கு ஒரு அடி, ஒரு வசவு இல்லாமல் அவனுக்குச் சோறு தேடுகிற அப்பா. நாலு பக்கத்தில் அந்தப் பையனுக்குப் பசிக்கிறதே என்று நமக்குக் கவலை வந்துவிடுகிறது. வெற்றிமாறன் இதை 2019இல் ‘அசுரன்’ என்று எடுத்தபோது அப்பா சிவசாமியை நடுவில் நிறுத்தினார், தனுஷுக்கு தேசிய விருது கிடைத்தது, படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாவலின் நடுவில் இருப்பது அந்தப் பையன். அவனுக்கு வீரமும் இல்லை, வசனமும் இல்லை, அதனாலேயே அவன் இன்னும் கிட்டத்தில் இருக்கிறான்.

எழுதுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதுதான். பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற சுதா சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள், கடன், கையெழுத்து, ஏமாற்றுகிற கான்ட்ராக்டர். சென்னையில் வீடு கட்டிய எவரும் அது தன் கதை என்பார்கள். அந்தப் படத்தின் வித்து, சின்ன வயதில் தன் அம்மா ஒரு வீட்டைக் கட்டி முடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்தது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். பாருங்கள், சுதா அவர் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு பையன் தன் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்ததிலிருந்து, பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு பெண் பிறக்கிறாள், அர்ச்சனா அவளாக நடித்துத் தேசிய விருது வாங்குகிறார், பார்க்கிறவர்கள் எல்லோரும் ‘இது நான்தான்’ என்கிறார்கள். நம்முடைய கதை என்று நாம் நினைப்பதே யாரோ இன்னொருவரை விடாமல் பார்த்த ஒருவர் கொடுத்தது. நீங்களும் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்ய வேண்டாமா?

இப்போது ‘உதிரிப்பூக்கள்’. பாதியில் எழுந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோடும் கனெக்ட் ஆக முடியாததால் எழுந்தீர்களா, ஆகிவிடுமோ என்று எழுந்தீர்களா? இதை நான் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. 1979இல் மகேந்திரன் எடுத்த அந்தப் படத்தின் நடுவில் இருக்கிற சுந்தரவடிவேலு, ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிற பெரிய மனிதர், வீட்டுக்குள் மனைவியைச் சொல்லாலேயே கொல்கிறவர். கத்துவதில்லை, வில்லன் மாதிரி சிரிப்பதில்லை, சாதாரணமாக இருக்கிறார். அடுத்தவர் நல்லவராக இருப்பதைப் பொறுக்க முடியாத அந்தக் குணம் அவருக்கு மட்டும் உரியதா? ‘என்னை மாதிரி’ என்று சொல்லும்போது நாம் எல்லோரும் மனசில் வைத்திருப்பது நம்முடைய நல்ல பக்கத்தை, அல்லது பாவப்பட்ட பக்கத்தை. கஷ்டப்படுகிறவள் நான், ஏமாந்தவன் நான், குறட்டைக்காக வெட்கப்படுகிறவன் நான். வீட்டில் ஒருவரை வார்த்தையால் நோகடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்கிறவன் யார்? அவனும் நம் வீட்டில் இருக்கிறான், சில நாட்களில் அது நாமே. மகேந்திரன் அவனைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டுகிறார், நமக்கு உட்கார முடியவில்லை. அது படம் தோற்ற இடம் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது வருகிற படத்துக்கும் தொடருக்கும் ‘எல்லாரும் ரிலேட் பண்ணிக்கலாம்’ என்பதே விளம்பரமாகிவிட்டது. பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே ஆள்: முப்பதை ஒட்டிய வயது, நகரத்து வாடகை வீடு, இ.எம்.ஐ., மேனேஜரின் தொல்லை, கல்யாணப் பேச்சு. நல்ல படங்களும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர் தன்னை மட்டுமே கேட்டால் எடுக்கிறவர் அதை மட்டுமே கொடுப்பார். உப்பளத்தில் வேலை செய்கிறவள், எழுபது வயது விதவை, காட்டில் ஒளிந்திருக்கிற பையன் எல்லோரும் ‘ரிலேட் ஆக மாட்டார்கள்’ என்று கதை சொல்லும் கட்டத்திலேயே தள்ளப்படுவார்கள். நான் முதலில் சொன்ன அந்த நூறு ஆண்டுகள் அப்படித்தான் போயின. அதில் படிக்கிறவர்களுக்கும் பங்கு உண்டு.

இனி, புத்தகம் ஏன் ஓடவில்லை என்பது. சினிமாவில் பாதி வேலையை நடிகரின் முகம் செய்துவிடுகிறது. ‘குட் நைட்’ படத்தில் மோகனாக நடித்த மணிகண்டன் தலையைத் தொங்கப்போட்டால் போதும், நமக்குப் புரிந்துவிடும். நாவலில் அந்த முகத்தை நீங்கள்தான் வரைந்துகொள்ள வேண்டும், அதற்குக் கொஞ்சம் பக்கங்கள் ஆகும். படிக்கும்போது ‘இவள் என்னை மாதிரியா’ என்று பார்ப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு, இவளுக்கு இப்போது என்ன வேண்டும், அது ஏன் கிடைக்கவில்லை என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். ஐம்பது பக்கம் கொடுங்கள். அதற்கு மேலும் யாரும் உயிரோடு எழுந்து வரவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. பாத்திரத்தை எட்ட நின்று எழுதிய புகழ்பெற்ற நாவல்களும் உண்டு, அந்தக் குறையை நீங்கள் சுமக்க வேண்டாம்.

‘வெக்கை’யிலிருந்து தொடங்கலாம், சின்ன நாவல்தான். அடுத்ததாக அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. குழாயில் தண்ணீர் வராத சென்னைத் தெரு, குடத்தோடு அலைகிற பெண்கள், நடுவில் ஜமுனா. அவள் எடுக்கிற முடிவுகள் பலவற்றை நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள், சிலவற்றில் அவள் மேல் கோபமே வரலாம். படித்துவிட்டு அந்தக் கோபத்தையே எனக்கு எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.