டயட் தொடங்கியதும் வயிறு ஏன் முரண்டு பிடிக்கிறது?

வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் மருத்துவமனை உணவியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் பதில் அளிக்கிறார்.

கேள்வி: வயது 41, எடை 60 கிலோ. பள்ளி ஆசிரியை. மாவுச்சத்து 40, புரதம் 30, கொழுப்பு 30 சதவீதம் என்று செல்போன் செயலி ஒன்று கணக்குக் கொடுத்தது, 1,500 கலோரி. சோறு, இட்லியை நிறுத்திவிட்டேன். காலையில் 50 கிராம் பச்சைப்பயறை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடுகிறேன். மதியம் 100 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்து பனீரோடு சாப்பிடுகிறேன். இரவு மூன்று முட்டை. பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தது. ஆனால் உப்புசம், வாயு, மலச்சிக்கல். வகுப்பில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்குப் புரதம் செரிக்கவில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: செரிக்கிறது டீச்சர், புரதத்தின் மேல் பழி போடாதீர்கள். முட்டையையும் பனீரையும் இரைப்பையும் சிறுகுடலும் ஏறக்குறைய முழுவதுமாகக் கவனித்துக்கொள்ளும். உங்களைப் படுத்துவது பயறிலும் கடலையிலும் இருக்கிற ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள். இவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. காலையில் சாப்பிட்ட பயறு மதிய வகுப்பில் கைவரிசை காட்டுவது இதனால்தான்.

இன்னொன்று நார்ச்சத்து. நீங்கள் எழுதிய அளவில் கடலையும் பயறும் சேர்ந்தே 30 கிராமுக்குக் குறையாமல் கொடுத்துவிடும். நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே அளவு அதிகம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளை இட்லியும் வெள்ளைச் சோறுமாகப் பழகிய குடலுக்கு ஒரே திங்கட்கிழமையில் இவ்வளவையும் கொடுத்ததுதான் வம்பு.

மலச்சிக்கலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் பள்ளிக் கழிப்பறையை. சிரிக்காதீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஆசிரியைகள் பலர் காலை எட்டு மணி முதல் மாலை நாலரை வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். காரணம் கேட்டால் கழிப்பறையின் லட்சணத்தைச் சொல்வார்கள். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலம் இறுகத்தான் செய்யும். தலைமை ஆசிரியரிடம் கழிப்பறைக்காகச் சண்டை போடுங்கள். அதுவும் சிகிச்சைதான்.

இப்போது அந்தச் சதவீதக் கணக்குக்கு வருவோம். அது தட்டில் போடும் அளவைச் சொல்வதில்லை, கலோரியைப் பங்கு போடுகிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. உங்கள் 1,500 கலோரியில் 40 சதவீதம் 600 கலோரி. அதாவது 150 கிராம் மாவுச்சத்து. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, மாலையில் ஒரு கொய்யா, எல்லாமே இதற்குள் தாராளமாக அடங்கும். சோற்றை நிறுத்தச் சொன்னது செயலி இல்லை, நீங்களாகவே நிறுத்தியிருக்கிறீர்கள்.

புரதத்துக்கு அது ஒதுக்கியது சுமார் 112 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆரோக்கியமானவருக்குப் பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு 50 கிராம். நாற்பதைத் தாண்டிய பெண், எடையும் குறைக்கிறீர்கள், தசை கரையாமல் இருக்க 60, 70 கிராம் வரை போகலாம். அதை இப்போதே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 112-ஐத் துரத்த வேண்டாம்.

குறைந்த இரண்டு கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் அந்த இருப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். முதல் பத்து நாள் எடைக்குறைவில் பெரும்பங்கு அதுதான். இட்லியைத் திரும்ப ஆரம்பித்ததும் ஒரு கிலோ ஏறினால் பதறாதீர்கள்.

சுண்டலைப் பாதியாக்குங்கள். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், விரலால் நசுக்கினால் மசிகிற வரை வேகவையுங்கள். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். பயறைப் பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். பெருங்காயம் போடுங்கள், மணக்கும். ஆனால் ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் பெருங்காயத்தை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வாயு அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு கைப்பிடி கூட்டலாம், குடல் பழகிக்கொள்ளும். மலத்தில் ரத்தம், வாந்தி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஜிம்மில் சேர்ந்த நாளிலிருந்து அரை லிட்டர் பாலில் புரதப் பவுடர் கலந்து குடிக்கிறேன். ஒரு மணி நேரத்தில் வயிறு கலக்கிவிடுகிறது. பவுடர் போலியா?
– வாசகர், கோவை

பதில்: போலியோ இல்லையோ, முதலில் பாலைச் சந்தேகப்படுங்கள் தம்பி. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. காபியில் ஊற்றும் பாலைத் தாங்குகிற வயிறு அரை லிட்டரைத் தாங்காது. பாலிலிருந்து எடுக்கும் வே கான்சன்ட்ரேட் (whey concentrate) வகைப் பவுடரிலும் லாக்டோஸ் உண்டு. ஒரு வாரம் பவுடரைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். அப்போதும் கலக்கினால், டப்பாவில் சர்பிட்டால், மால்டிட்டால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த இனிப்புகளும் பேதியாக்கும். இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்தால் 18 கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும். அந்த டப்பா இல்லாமலும் உடம்பு தேறும்.

கேள்வி: வயது 63. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், நாளை முதல் அரிசியே கூடாது, நெய்யும் முட்டையும்தான் என்கிறான். ஆரம்பிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நாளைக்கு வேண்டாம் ஐயா. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃபுளோசின் வகையென்றால் ஆபத்து வேறு விதம்: மாவுச்சத்தை அடியோடு விட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம், அது உயிருக்கே உலை வைக்கும். பித்தப்பையில் கல் இருந்தால், நெய் மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவின் கீழே வலி எடுக்கலாம். சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று தெரியாமல் புரதத்தை ஏற்றுவதும் சரியில்லை. மகனையும் அழைத்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அரிசியைக் குறைப்பதும் மாத்திரையைக் குறைப்பதும் ஒரே சீட்டில் எழுதப்பட வேண்டும்.